பித்தப்பையை கேரி பேக்கில் போட்டுக் கொடுத்தார்கள்: சதை டெஸ்டுக்கு அனுப்புவது யார் வேலை?

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பதரை மணி. தென் மாவட்டம் ஒன்றில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நர்சிங் ஹோம். அத்தைக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பி என்பதால் நாலு சின்னத் துளைதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தார்கள். ஓ.டி. கதவைத் திறந்துகொண்டு வந்த சர்ஜன் ஒரு ஸ்டீல் ட்ரேயை நீட்டினார். அதில் பச்சையாக, காற்று போன பலூன் மாதிரி ஒரு பை. பக்கத்தில் உளுந்து சைஸில் ஏழெட்டுக் கற்கள்.

"பாருங்க, இதைத்தான் எடுத்தோம்."

மாமா ஒரு செகண்ட் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் பார்த்தேன். நம் ஊரில் ஆபரேஷன் முடிந்ததற்கு இந்த ட்ரேதான் ரசீது.

டாக்டர் போன பிறகு நர்ஸ் அக்கா வந்தார். "தம்பி, இதை சதை டெஸ்டுக்கு அனுப்பணுமா? அனுப்புறதுன்னா லேபுக்குத் தனியா பணம் கட்டணும்."

"டாக்டர் என்ன சொன்னாருக்கா?"

"பார்ட்டி இஷ்டம்னு சொன்னாரு."

நான் படித்தது மீடியா ஸ்டடீஸ். மாமா ஓய்வுபெற்ற டிரைவர். அந்த ராத்திரியில், அத்தையின் உடம்பிலிருந்து எடுத்த ஓர் உறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய மருத்துவக் குழு நாங்கள் இரண்டு பேர்தான். "அனுப்பிடுங்கக்கா" என்றேன்.

"அனுப்புறதுக்கு ஆள் இல்ல தம்பி. நீங்கதான் கொண்டுபோய்க் கொடுக்கணும். இப்போ லேப் மூடியிருக்கும், காலைல கொடுங்க. அதுவரைக்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க."

கைக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பால் பாயின்ட் பேனாவில் 'லட்சுமி' என்று எழுதியிருந்தது. (அத்தையின் பெயர் அது இல்லை, இங்கே அப்படி வைத்துக்கொள்வோம்.) வயது இல்லை, நம்பர் இல்லை, தேதி இல்லை. அதைக் கறுப்பு கேரி பேக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். அன்று இரவு முழுக்க அந்தப் பை மாமா வீட்டு ஃப்ரிட்ஜில், தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

காலையில் லேபில் டெக்னீஷியன் டப்பாவைத் திறந்ததுமே நெற்றியைச் சுருக்கினார். "ஃபார்மலின் போட்டிருந்தா கண்ணு எரியும். இது சலைன் மாதிரி இருக்கே. எப்போ எடுத்தது?"

"நேத்து ராத்திரிண்ணே."

"ஃப்ரீசர்ல வைக்கலையே?"

"இல்ல, கீழ் தட்டுல."

"ஃபார்ம் எங்க? எந்த லட்சுமி இது? வயசு என்ன, ஐ.பி. நம்பர் என்ன?"

எதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் நல்ல மனுஷன். திட்டாமல் டப்பாவை மாற்றி, ஃபார்மலின் ஊற்றி, நர்சிங் ஹோமுக்கு போன் போட்டு விவரங்களை அவரே வாங்கி எழுதிக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. நாள்பட்ட பித்தப்பை அழற்சி, புற்றுநோய் தென்படவில்லை. நிம்மதி. ஆனால் கீழே ஒரு வரி: உள்சவ்வு சிதைந்திருப்பதால் அதை முழுமையாக மதிப்பிட முடியவில்லை. சர்ஜனிடம் கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா, பயப்படாதீங்க" என்றார். அவர் சொல்வது அநேகமாக சரியாகத்தான் இருக்கும். ஆனால் 'ஒண்ணும் இல்ல' என்பதும் 'பார்க்க முடிஞ்ச வரைக்கும் ஒண்ணும் இல்ல' என்பதும் ஒன்றில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்பட்டது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

வெட்டி எடுத்ததும் என்ன ஆகிறது?

உடம்பிலிருந்து வெளியே எடுத்த சதைக்கு ரத்தம் கிடையாது, ஆக்ஸிஜன் கிடையாது. ஆனால் செல்களுக்குள் இருக்கும் நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. சாப்பாட்டைச் செரிக்கிற மாதிரி அந்தச் செல்லையே செரிக்க ஆரம்பித்துவிடும். இதற்கு ஆட்டோலைசிஸ் என்று பெயர், தன்னைத்தானே தின்பது. கூடவே பாக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும். குடல், பித்தப்பை மாதிரி உறுப்புகளின் உள்சவ்வுதான் முதலில் போகும். பித்தப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் ஆரம்பிப்பதும் அதே உள்சவ்வில்தான். அதாவது எதைப் பார்க்க வேண்டுமோ, அதுதான் முதலில் அழிகிறது.

சலைன் என்பது உப்புத் தண்ணீர். அது சதையைக் காயவிடாமல் வைக்கும், அவ்ளோதான். சிதைவதை நிறுத்தாது. ஃப்ரிட்ஜ் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஃப்ரீசர் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் நீர் உறைந்து பனிப்படிகமாகி செல்களைக் கிழித்துவிடும். டெக்னீஷியன் அண்ணன் அந்தக் கேள்வியை ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சிதைவை நிறுத்துவதுதான் ஃபார்மலின். இந்தப் பேரை நம்மில் பலர் முதலில் கேட்டது 2018-ல், மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று செய்தி வந்தபோதுதான். மீனில் இருந்தால் விஷம், பயாப்ஸி டப்பாவில் இருந்தால் பாதுகாவலன். ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற டாக்டர் இதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் இறுகிப்போவதைக் கவனித்தார். 1893-ல் அதை திசுக்களைப் பதப்படுத்தப் பயன்படுத்தலாம் என்று எழுதினார். 130 வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க லேப்களில் அதே திரவம்தான். 37 முதல் 40 சதவீதம் ஃபார்மால்டிஹைட் இருக்கும் கரைசலை ஒரு பங்கு எடுத்து, ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து, அமிலத்தன்மை ஏறாமல் இருக்க உப்புகளும் கலந்தால் அதுதான் '10 சதவீத ஃபார்மலின்'.

இதில் அளவு முக்கியம். சதை எவ்வளவோ அதைப் போல குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். பெரிய உறுப்பை சின்ன டப்பாவில் திணித்து, மேலே நாலு ஸ்பூன் ஊற்றினால் போதாது. வாய் அகலமான டப்பா வேண்டும். ஏனென்றால் உள்ளே போகும்போது மெத்தென்று வளைந்து போகும் சதை, ஃபார்மலினில் ஊறியதும் ரப்பர் மாதிரி விறைத்துவிடும். குறுகலான பாட்டிலில் போட்டது திரும்பி வெளியே வராது, பாட்டிலைத்தான் அறுக்க வேண்டும்.

அப்புறம் நேரம். ஃபார்மலின் சதைக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் தோராயமாக இறங்கும். மார்பகத்தையோ கர்ப்பப்பையையோ முழுசாக அப்படியே மூழ்கவைத்தால் வெளிப்பக்கம் பதப்பட்டிருக்கும், நடுவில் அழுகிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெரிய உறுப்புகளைக் கீறி, உள்ளே ஃபார்மலின் போக வழி செய்ய வேண்டும். இதை அட்டெண்டராகப் போன மாமாவால் செய்ய முடியுமா?

மார்பகப் புற்றுநோயில் இது இன்னும் சீரியஸ்

ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அடுத்து பார்ப்பது ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று டெஸ்ட். ஹார்மோன் மாத்திரை வேலை செய்யுமா, டிராஸ்டுசுமாப் என்ற விலை உயர்ந்த ஊசி தேவையா என்பதையெல்லாம் இந்த மூன்றும்தான் சொல்லும். இந்த டெஸ்ட்களுக்கு அமெரிக்கப் புற்றுநோயியல் மருத்துவர் சங்கமும் நோய்க்குறியியல் மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டு கணக்கு இருக்கிறது. சதையை எடுத்ததிலிருந்து ஃபார்மலினில் போடுவது ஒரு மணி நேரத்துக்குள். ஃபார்மலினில் ஊறுவது 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நம் ஊரில் பொங்கலுக்கு நாலு நாள் லீவு வந்தால், முதல் நாள் எடுத்த சதை 72 மணி நேரத்தைத் தாண்டித்தான் லேப் மேஜைக்குப் போகும். ஃபார்மலினே இல்லாமல் சலைனில் கிடந்தால், செல்லில் இருக்கும் ஹார்மோன் ரிசெப்டர் சிதைந்து, பாசிட்டிவாக இருக்க வேண்டியது நெகட்டிவாகக் காட்டலாம். ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் 'நெகட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து, டப்பா எத்தனை மணி நேரம் டூ வீலர் சீட்டுக்கு அடியில் இருந்தது என்று எந்த ஆங்காலஜிஸ்ட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. வேலை செய்திருக்கக்கூடிய ஒரு மாத்திரை அந்தப் பெண்ணுக்கு எழுதப்படாமலே போகும். அவருக்கு அது தெரியவும் தெரியாது.

அப்போ எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிடலாமே?

இதுதான் எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். போடக் கூடாது. கழுத்தில் கட்டி, டிபியாக இருக்குமோ என்று சந்தேகம். அதை முழுசாக ஃபார்மலினில் போட்டால் டிபி கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சர் டெஸ்டில் எதுவும் வளராது. அதற்கு ஒரு துண்டை சலைனில் தனியாக அனுப்ப வேண்டும், மைக்ராஸ்கோப்புக்கு இன்னொரு துண்டை ஃபார்மலினில். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே ரிசல்ட் கேட்கும் ஃப்ரோஸன் செக்‌ஷனுக்கு எந்தத் திரவமும் இல்லாமல் உடனே போக வேண்டும். கிட்னி பயாப்ஸியில் ஒரு பகுதி ஃபார்மலினுக்கு, இன்னொரு பகுதி வேறொரு திரவத்துக்கு. கட்டியில் ஊசி குத்தி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி.யில் காயவைத்த ஸ்லைடுகளை ஃபார்மலின் டப்பாவோடு ஒரே பையில் வைத்தால், அந்த ஆவி பட்டே செல்களின் சாயம் கெட்டுப்போகும்.

ஆக, எந்தச் சதை, எந்தத் திரவம், எத்தனை டப்பா என்பது நோயாளிக்கு என்ன சந்தேகம் என்பதைப் பொறுத்து மாறும் ஒரு மருத்துவ முடிவு. அதை எடுக்க வேண்டியது ஓ.டி.க்குள் இருப்பவர்கள், அதுவும் கத்தி வைப்பதற்கு முன்னாடியே.

பெயரில் என்ன இருக்கிறது?

நம் ஊரில் நிறைய பிரச்னை அதில்தான் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில நேரம் காணாமலே போகும். 'எஸ். லட்சுமி'யும் 'லட்சுமி எஸ்'ஸும் ஒருவரா, இருவரா? ஒரே நாளில் ஒரே லேபுக்கு இரண்டு லட்சுமி வருவது அதிசயமே இல்லை. அதனால் பெயரோடு இன்னொரு அடையாளம், அதாவது ஐ.பி. நம்பரோ யு.எச்.ஐ.டி. நம்பரோ கட்டாயம் வேண்டும். எந்த உறுப்பு, வலதா இடதா, எத்தனை மணிக்கு எடுத்தது என்பதும் வேண்டும்.

இன்னொன்று, லேபிள் டப்பாவின் உடம்பில் இருக்க வேண்டும், மூடியில் இருக்கக் கூடாது. லேபில் ஒரே நேரத்தில் நாலு டப்பாவைத் திறந்து வைத்தால் நாலு மூடியும் மேஜையில் கிடக்கும். எந்த மூடி எந்த டப்பாவுடையது? பெயர் மாறி ஒட்டப்பட்ட ஒரு லேபிளால், ஒரு வீட்டில் இல்லாத புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கலாம், இன்னொரு வீட்டில் இருக்கும் புற்றுநோய் வீட்டுக்கே திரும்பிப் போகலாம்.

டப்பாவோடு போக வேண்டிய ஃபார்மையும் யாரும் மதிப்பதில்லை. பல ஃபார்ம்களில் 'திசு' என்ற ஒரே வார்த்தையும் டாக்டரின் கிறுக்கலும்தான் இருக்கும். மைக்ராஸ்கோப்பைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம், தெரியாது. கர்ப்பப்பை உள்சவ்வை அனுப்பும்போது கடைசி மாதவிடாய் தேதியும் ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் இல்லையென்றால் பேத்தாலஜிஸ்ட் பாதி இருட்டில்தான் பார்க்கிறார். எலும்புக் கட்டி என்றால் எக்ஸ்ரேவைப் பார்க்காமல் ரிப்போர்ட் எழுதவே தயங்குவார்கள். ரொம்ப நியாயமான தயக்கம்.

திருவனந்தபுரத்தில் நடந்தது

2025 மார்ச்சில் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. 17 நோயாளிகளின் உடல் திசு மாதிரிகளை பேத்தாலஜி லேபுக்கு வெளியே, படிக்கட்டுப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அதைப் பழைய பொருள் என்று நினைத்து பழைய சாமான் எடுப்பவர் ஒருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மாதிரிகள் திரும்பக் கிடைத்தன, ஊழியர் ஒருவர் சஸ்பெண்ட் ஆனார். எங்கள் டெஸ்கில் அது 'விநோதச் செய்தி' என்ற கணக்கில் ஓடியது. நானும் சிரித்துக்கொண்டே ஷேர் செய்தேன், மறைப்பானேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அங்கே குறைந்தபட்சம் சாம்பிளைக் கொண்டுபோக ஊழியர் என்று ஒருவர் இருந்தார். 17 என்று எண்ணிச் சொல்ல ஒரு கணக்கு இருந்தது. தொலைந்தால் தொலைந்தது என்று தெரிந்தது. என் கையிலிருந்த கேரி பேக்கை நான் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியிருந்தால் அது எந்த ரெஜிஸ்டரிலும் வந்திருக்காது. 'பார்ட்டி கொண்டுபோயிட்டாங்க' என்பதோடு ஆஸ்பத்திரியின் பொறுப்பு முடிந்திருக்கும்.

இது தனியார் நர்சிங் ஹோம் பிரச்னை மட்டுமில்லை. பெரிய அரசு மருத்துவமனைகளிலும் கையில் டப்பாவோடும் சீட்டோடும் பேத்தாலஜி எந்த பிளாக் என்று கேட்டுக்கொண்டு அலையும் உறவினர்களைப் பார்க்கலாம்.

'ஆள் இல்லை' என்பது உண்மையா?

சின்ன ஆஸ்பத்திரிகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. பதினைந்து பெட் உள்ள நர்சிங் ஹோமில் பேத்தாலஜிஸ்ட்டை வேலைக்கு வைக்க முடியாது. நைட் ஷிப்டில் இரண்டு நர்ஸ்தான். அவர்களில் ஒருவரை டப்பாவோடு அனுப்பினால் வார்டை யார் பார்ப்பது? எனக்கு டப்பா கொடுத்த அந்த அக்கா மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. அதே நர்சிங் ஹோமுக்கு ரத்த சாம்பிள் எடுத்துப் போக லேபிலிருந்து பைக்கில் ஒரு பையன் தினமும் ஐஸ் பாக்ஸோடு வருகிறான். நம் வீட்டுக்கே காலை ஆறு மணிக்கு வந்து சுகர் டெஸ்டுக்கு ரத்தம் எடுக்கிறார்கள். ஆப்பில் புக் பண்ணலாம், கேஷ்பேக்கும் உண்டு. ரத்தத்தை நாளைக்கு மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். பித்தப்பையை மறுபடியும் எடுக்க முடியாது. திரும்ப எடுக்கக்கூடிய சாம்பிளுக்கு பிக்-அப் வசதி, திரும்ப எடுக்கவே முடியாத சாம்பிளுக்குக் கறுப்பு கேரி பேக். இது காசு பிரச்னை என்று எனக்குத் தோன்றவில்லை, பழக்கம்.

ஃபார்மலின் நிரப்பிய டப்பா நாலைந்தை ஓ.டி. அலமாரியில் வாங்கி வைப்பது பெரிய செலவில்லை. டப்பா எத்தனை மணிக்குப் போனது, யார் வாங்கினார் என்று கையெழுத்து வாங்க நாற்பது பக்க நோட்டு போதும். சரியான ஃபார்மலினில் போட்டு லேபிளும் ஒட்டிவிட்டால் காலை வரை ஓ.டி.யிலேயே வைத்திருந்து பிக்-அப் பையனிடம் கொடுத்துவிடலாம், ஃப்ரிட்ஜ்கூடத் தேவையில்லை.

நோயாளியின் குடும்பத்திடம் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஃபார்மால்டிஹைட் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஒரு தடவை டப்பாவைத் தூக்கிப் போனால் ஆபத்தில்லை. ஆனால் அது கசியும் டப்பாவாக இருந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தையின் மேல் சிந்தினால்? சில இடங்களில் பழைய தண்ணீர் பாட்டிலிலும் ஊற்றிக் கொடுக்கிறார்கள். பார்க்க அசல் தண்ணீர் மாதிரியே இருக்கும். அப்படிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

'அனுப்பணுமா?' என்ற கேள்வி

என்னை இன்னும் உறுத்துவது இதுதான். பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த பையில், யாரும் எதிர்பார்க்காமல் புற்றுநோய் இருப்பது லேபில்தான் தெரியவரும் கேஸ்கள் உண்டு. ரொம்பக் குறைவு, ஆனால் உண்டு. கண்ணால் பார்த்தால் சாதாரணமாக இருக்கிற ஒவ்வொரு பித்தப்பையையும் அனுப்பத்தான் வேண்டுமா என்று வெளிநாட்டு சர்ஜன்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது. சந்தேகம் இருந்தால் மட்டும் அனுப்பினால் போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவிலேயே இந்தப் புற்றுநோய் கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் அதிகம், தெற்கில் குறைவு. அதனால் தமிழ்நாட்டில் ஒரு சர்ஜன் 'வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த முடிவை அவர் எடுக்க வேண்டும். எடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'திறந்து பார்த்தேன், சந்தேகம் இல்லை, அனுப்பவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி ஒன்பதரை மணிக்கு, ரேட்டைச் சொல்லி, 'அனுப்பணுமா?' என்று அட்டெண்டரிடம் கேட்பது சம்மதம் வாங்குவது ஆகாது. பணம் இல்லாதவர் 'வேண்டாம்' என்பார். நாளைக்கு ஏதாவது ஆனால், 'நீங்கதானே வேண்டாம்னீங்க' என்பார்கள். லேப் சார்ஜ் ஆபரேஷன் பேக்கேஜுக்குள்ளேயே வந்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. மயக்க மருந்து வேணுமா வேணாமா என்று யாராவது தனியாக ரேட் சொல்லிக் கேட்கிறார்களா?

நாளைக்கு உங்களுக்கு இது நடந்தால்

எழுதிவிட்டேன் என்பதற்காக எல்லா நர்சிங் ஹோமும் நாளைக்கே மாறாது. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், அதற்கு முந்தின நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: "எடுக்குறதை பயாப்ஸிக்கு அனுப்புவீங்களா டாக்டர்? யார் கொண்டுபோவாங்க?" கேட்டதாலேயே பல இடங்களில் ஏற்பாடு நடந்துவிடும். ஒருவேளை டப்பா உங்கள் கைக்கே வந்தால், அங்கேயே நின்று நர்ஸிடம் இது என்ன திரவம் என்று கேளுங்கள். சதை முழுசாக மூழ்கியிருக்கிறதா, டப்பாவின் உடம்பில் பெயரும் நம்பரும் இருக்கிறதா, எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா, டாக்டர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மோடு ஸ்கேன் ரிப்போர்ட் ஜெராக்ஸும் சேர்த்துக் கொடுங்கள். நீங்களாக எந்தத் திரவத்தையும் ஊற்றவோ மாற்றவோ வேண்டாம், முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். லேபில் கொடுத்ததும் அவர்கள் போடும் பயாப்ஸி நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் ஏன் மறுநாளே வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு: சதை பதப்பட வேண்டும், அதிலிருந்து சரியான இடங்களைப் பார்த்து வெட்ட வேண்டும், ஆல்கஹாலில் நீரை எடுத்து, மெழுகில் புதைத்து, மூன்று முதல் ஐந்து மைக்ரான் தடிமனில் சீவி, சாயம் ஏற்ற வேண்டும். நம் தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது அந்தச் சீவல். அவசரப்படுத்தாதீர்கள்.

அந்த மெழுகுக் கட்டிக்கு 'பிளாக்' என்று பெயர். ரிப்போர்ட்டைவிட அது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கேட்பது ஸ்லைடும் பிளாக்கும்தான், அவர்கள் பேத்தாலஜிஸ்ட்டே மறுபடி பார்ப்பார். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்களின் அமைப்பு, பிளாக்கைக் குறைந்தது 10 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. இங்கேயும் நல்ல லேப்கள் வருஷக்கணக்கில் வைத்திருக்கும், எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். கேஸ் ஷீட், ஆபரேஷன் நோட் மாதிரி ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை சொல்கிறது. வாங்கிய பிளாக்கை வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.

அத்தை இப்போது நன்றாக இருக்கிறார். எண்ணெய்ப் பலகாரம் கொஞ்சம் குறைத்திருக்கிறார். எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன் சொன்னபடி ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை என்று வந்தது. அடுத்த ஸ்கேனுக்குத் தேதி வாங்கியிருக்கிறோம். ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் இரண்டுமே தேவைப்பட்டிருக்காது. மாமா வீட்டு ஃப்ரிட்ஜில் கீழ் தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மாவுப் பாத்திரத்தை அத்தை மேலே மாற்றிவிட்டார்.